லூபஸ்: உடலில் எங்கெங்கே, எப்படித் தாக்குகிறது

கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம், உடலின் சொந்தத் திசுக்களையே பகையாக எண்ணித் தாக்குவதால் வரும் நீண்டகால நோய் லூபஸ். மருத்துவமனைச் சீட்டில் பெரும்பாலும் ‘எஸ்எல்இ’ என்று எழுதியிருப்பார்கள்; சிஸ்டமிக் லூபஸ் எரிதிமடோசஸ் என்பதன் சுருக்கம் அது. தோலோடு நின்றுவிடும் லூபஸ் ஒன்று உண்டு. சில மருந்துகளை நெடுநாள் சாப்பிடுவதால் வந்து, அவற்றை நிறுத்தியதும் மறையும் லூபஸும் உண்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரலசின், காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிட், முகப்பருவுக்குத் தரப்படும் மினோசைக்ளின் ஆகியவை அப்படிப்பட்ட மருந்துகளில் சில. இந்த அத்தியாயம் பேசுவது உடல் முழுவதையும் பாதிக்கும் எஸ்எல்இ பற்றி.

இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே வீட்டில் இருப்பதாலோ, தாம்பத்திய உறவாலோ பரவாது. புற்றுநோயும் அல்ல. கல்யாணப் பேச்சின்போதும் குடும்பங்களிலும் இந்த இரண்டு சந்தேகங்கள் நோயாளிகளைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல என்பதால், தொடக்கத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

உள்ளே நடப்பது

உடலில் ஒவ்வொரு நாளும் கோடானுகோடி செல்கள் இறக்கின்றன. அவற்றின் மிச்சத்தை உடனுக்குடன் அகற்றுவதற்கென்றே சில அணுக்கள் இருக்கின்றன. லூபஸ் உள்ளவர்களிடம் அந்த வேலை தேங்கிப்போகிறது. செல்லின் உட்கருவுக்குள் இருக்க வேண்டிய டிஎன்ஏவும் அதைச் சார்ந்த புரதங்களும் வெளியே கிடக்கின்றன. எதிர்ப்பு மண்டலம் அவற்றைப் பார்த்து, ஏதோ வைரஸ் நுழைந்துவிட்டது என்பதுபோல் விழித்துக்கொள்கிறது. இன்டர்பெரான் என்ற வேதிப்பொருள் அதிகமாகச் சுரக்கிறது. எதிர்ப்பு மண்டலத்தின் பி செல்கள் உட்கருப் பொருள்களுக்கு எதிராக ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்புப் புரதங்களை, உருவாக்குகின்றன. இவை டிஎன்ஏவோடு பிணைந்து கூட்டுத் துகள்களாகி ரத்தத்தில் மிதந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்த இடங்களில் படிகின்றன. சிறுநீரகம், தோல், மூட்டுச் சவ்வு, நுரையீரலையும் இதயத்தையும் சுற்றியுள்ள உறை ஆகியவை அந்த இடங்கள். படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி தூண்டப்பட்டு அழற்சி உண்டாகிறது. நோய் சீறும் நேரத்தில் ரத்தத்தில் அத்தொகுதியைச் சேர்ந்த சி3, சி4 அளவுகள் குறைவதற்குக் காரணம் இதுதான்: அந்தப் புரதங்கள் அழற்சியில் செலவாகிவிடுகின்றன.

இந்த மாற்றங்கள் ஒரே நாளில் தொடங்குவதில்லை. அமெரிக்க ராணுவத்தினரிடமிருந்து சேகரித்துப் பாதுகாக்கப்பட்ட ரத்த மாதிரிகளை வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, பின்னாளில் லூபஸ் கண்டறியப்பட்ட 130 பேரில் 115 பேருடைய ரத்தத்தில் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே, சிலரிடம் 9 ஆண்டுகளுக்கும் முன்பே, ஆன்டிபாடிகள் இருந்ததைக் காட்டியது. போன மாதம் வெயிலில் அலைந்தது, பரீட்சைக்குக் கண்விழித்தது, சாப்பிட்ட ஏதோ ஒன்று என்று நோயாளியும் வீட்டாரும் காரணம் தேடிக் குற்ற உணர்வில் வாடுவது வழக்கம். உள்ளே பல ஆண்டுகளாக நடந்து வந்ததை வெளியே தெரியச் செய்ததற்கு மேல் அந்தச் சம்பவங்களுக்குப் பங்கில்லை.

யாருக்கு வருகிறது

லூபஸ் வரும் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் 15 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கும், எக்ஸ் குரோமோசோமில் உள்ள எதிர்ப்பாற்றல் ஜீன்களுக்கும் இதில் பங்குண்டு. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருவது குறைவு. வந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். ஆசியர்களிடமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் நோய் வெள்ளையர்களைவிடக் கூடுதலாகவும் கடுமையாகவும் காணப்படுகிறது.

பரம்பரையின் பங்கு பாதிக் கதைதான். அச்சாக ஒரே மரபணுவுள்ள இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவது சாதாரணம். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுமே தவிர, வந்தே தீரும் என்பதில்லை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர், எப்ஸ்டீன் பார் வைரஸ் போன்ற தொற்று, புகைபிடித்தல், பிரசவத்தை ஒட்டிய ஹார்மோன் மாற்றம் ஆகியவை தூண்டுதல்கள். அமெரிக்க எழுத்தாளர் பிளானரி ஓ’கானரின் தந்தை 1941இல் லூபஸால் இறந்தார். மகளுக்கு இருபதுகளின் நடுவில் அதே நோய் வந்தது. ஸ்டீராய்டு சிகிச்சை அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதன் துணையோடு பத்தாண்டுகளுக்கு மேல் எழுதிய அவர் 1964இல் 39 வயதில் இறந்தார். 1950களில் லூபஸ் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரே 5 ஆண்டு தாண்டினார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 10க்கு 9 பேருக்கு மேல் அந்த எல்லையைக் கடக்கிறார்கள்.

தொடங்கும் விதம்

பெரும்பாலும் மூட்டுவலி, களைப்பு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், முடி உதிர்தல் என்று ஆரம்பிக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் எளிய விளக்கம் கிடைத்துவிடும். களைப்புக்கு ரத்தசோகை, முடி உதிர்வதற்குத் தண்ணீர், மூட்டுவலிக்குக் கால்சியம் குறைவு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி மாதங்கள் ஓடிவிடும். இந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் தீராத களைப்பு. குளித்து உடைமாற்றியதும் மறுபடி படுக்க வேண்டியிருக்கும். வெளியே எதுவும் தெரியாததால், சோம்பல் என்று வீட்டில் பேச்சு வாங்குவதும் நேர்கிறது.

நம் ஊரில் நோயறிதல் தடுமாறுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. காய்ச்சலும் தட்டணுக் குறைவும் சேர்ந்தால் டெங்கு என்று தோன்றும். டெங்குவில் ஒன்றிரண்டு வாரத்தில் தட்டணுக்கள் தாமாக ஏறிவிடும். ஏறாமல் நின்றாலோ, மறுபடி மறுபடி இறங்கினாலோ லூபஸை நினைக்க வேண்டும். நெடுநாள் காய்ச்சல், எடை குறைவு, நெறிகட்டுதல், நுரையீரல் உறையில் நீர் கோத்தல் என்றால் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். அது தவறும் அல்ல. ஆனால் காசநோய் என்பதற்கு ஆதாரம் கிடைக்காமலே மருந்து தொடர்ந்து, பலனும் தெரியாதபோது மற்ற வாசல்களையும் தட்டிப் பார்ப்பது அவசியம். இளம்பெண்ணுக்கு உடலின் இரண்டு மூன்று பகுதிகளில் ஒரே காலத்தில் காரணம் தெரியாத கோளாறு இருந்தால் லூபஸுக்கான பரிசோதனை செய்வது நல்ல விதி.

தோலும் மூட்டும்

கன்னங்களிலும் மூக்குத் தண்டின் மேலும் வண்ணத்துப்பூச்சி இறகு விரித்ததுபோல் படரும் தடிப்பு லூபஸின் பிரபலமான அடையாளம். எல்லோருக்கும் அது வருவதில்லை. பாடநூல் படங்களில் அது சிவப்பாக இருக்கும். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியும். மங்கு என்றும் வெயில் கறுப்பு என்றும் விட்டுவிடுவது அதனால்தான். வேறுபடுத்த ஒரு வழி உண்டு: மூக்கின் ஓரத்திலிருந்து வாய் மூலைக்கு இறங்கும் மடிப்பில் லூபஸ் தடிப்பு பெரும்பாலும் படராது. வெயில் பட்டால் கூடும். பட்ட மறுநாளோ சில நாள் கழித்தோகூடத் தெரியும். முகம், காது, தலை ஆகிய இடங்களில் வட்டமாகத் தடித்து, நடுவில் வெளிறி, தழும்பாகிப்போவது டிஸ்காய்டு வகை. தலையில் அது வந்த இடத்தில் முடி மறுபடி முளைக்காது என்பதால் சீக்கிரம் சிகிச்சை தேவை. மற்றபடி நோய் சீறும்போது பொதுவாக உதிரும் முடி, நோய் அடங்கியதும் வளர்ந்துவிடும்.

வாய்ப்புண்ணும் வரும். சாதாரண வாய்ப்புண் போலக் காரம் பட்டால் உயிர்போகும் வலி பல நேரம் இதில் இருக்காது. மேலண்ணத்தில் வலியில்லாமல் இருக்கும் புண்ணை, கண்ணாடி முன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் நோயாளிக்கே தெரியும். குளிர்ந்த நீரில் கை வைத்ததும் விரல் நுனி வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பது ரேனாடு எனப்படும் ரத்தக்குழாய்ச் சுருக்கம். அதுவும் லூபஸோடு வரக்கூடியது.

மூட்டுவலி 10 பேரில் 9 பேருக்கு எப்போதாவது வருகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. தாளிக்கும் கரண்டியைப் பிடிக்க, ரவிக்கைக் கொக்கி மாட்ட, குழாயைத் திருகச் சிரமமாக இருக்கும். நேரம் போகப்போக இளகும். முடக்குவாதத்திலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் முடக்குவாதம் எலும்பை அரிக்கிறது, லூபஸ் பொதுவாக அரிப்பதில்லை. நாளடைவில் சிலருக்கு விரல்கள் கோணுவது உண்டு. கோணிய கையை மேசைமேல் அழுத்திப் பரப்பினால் விரல்கள் நேராகிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருக்கும். தசைநாண்கள் தளர்ந்ததால் வரும் கோணல் அது.

சிறுநீரகம்

லூபஸ் உள்ள 10 பேரில் ஏறத்தாழ 3 முதல் 5 பேர் சிறுநீரகப் பாதிப்பை அடைகிறார்கள். பெரும்பாலும் முதல் 5 ஆண்டுகளுக்குள் நடந்துவிடும். இந்த நோயைப் பற்றி அறிய வேண்டியவற்றில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: தொடக்கத்தில் சிறுநீரகம் வலிக்காது. மூட்டு வலிக்கும், தடிப்பு கண்ணில் படும், அதனால் அவற்றுக்கு வைத்தியம் நடக்கும். சிறுநீரகமோ எந்தச் சைகையும் காட்டாமல் கெட்டுக்கொண்டிருக்கும். மூட்டுவலி நின்றுவிட்டது, நன்றாக இருக்கிறோம் என்று மருந்தை நிறுத்தியவர்கள் கால் வீங்கி வந்து சேரும் துயரம் லூபஸ் பிரிவுகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

சிறுநீரகத்தின் வடிகட்டிகள் மிக நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுருள்கள். முன்பு சொன்ன கூட்டுத் துகள்கள் அங்கே படிந்து அழற்சி உண்டானால், ரத்தத்திலேயே தங்க வேண்டிய புரதமும் சிவப்பணுக்களும் சிறுநீரில் கசிகின்றன. வெளியே தெரியும் முதல் அடையாளம் நுரை: சிறுநீர் கழித்து ஓரிரு நிமிடமாகியும் அடங்காத, அடர்ந்த நுரை. அடுத்து காலையில் இமை வீக்கம், மாலையில் கணுக்கால் வீக்கம், ரத்த அழுத்தம் ஏறுதல். கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறையப் பாதித் திறன் போகும்வரை சாதாரணமாகவே காட்டக்கூடும். அதனால் கிரியாட்டினின் நார்மல் என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையக் கூடாது.

நம்பத் தகுந்தது சிறுநீர்ப் பரிசோதனை. நுண்ணோக்கியில் சிவப்பணுக்களும் அணுக்கள் கோத்த வார்ப்புகளும் உள்ளனவா என்று பார்ப்பதும், புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுவதும் போதும். நாளொன்றுக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் போனால் சிறுநீரகத்திலிருந்து ஊசிமூலம் சிறு திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவைப்படும். அந்தத் திசுவைப் பார்த்துப் பாதிப்பை 1 முதல் 6 வரை வகுப்பாகப் பிரிக்கிறார்கள். 3, 4 வகுப்புகளில் அழற்சி கடுமை. வலுவான மருந்து தாமதமின்றி வேண்டும். 5இல் புரத இழப்பு முதன்மையாக இருக்கும். 6 என்றால் வடிகட்டிகள் தழும்பாகிவிட்டன. அங்கே மருந்துக்குச் செய்ய ஏதுமில்லை, டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும்தான் வழி. பயாப்ஸி என்றதும் புற்றுநோய்ச் சோதனை என்று பயந்து மறுப்பவர்கள் உண்டு. வகுப்பு தெரியாமல் கொடுக்கும் மருந்து ஒன்று அதிகமாகும் அல்லது போதாமற்போகும். நோய் அடங்கியிருந்தாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வது, இந்த நோயில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய இழப்பைத் தடுக்கும் காரியம்.

ரத்தம், இதயம், நுரையீரல், மூளை

வெள்ளையணுக்கள் 4,000க்குக் கீழ் இறங்குவது, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் போவது, சிவப்பணுக்கள் ஆன்டிபாடியால் உடைந்து ரத்தசோகை வருவது எல்லாம் லூபஸில் காணப்படுபவை. லூபஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற வகை ஆன்டிபாடிகள் இருக்கின்றன. இவை ரத்தத்தைத் தேவையற்ற இடத்தில் உறையவைக்கும். கால் நாளத்தில் அடைப்பு, இளவயதில் பக்கவாதம், மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஆகியவை இவற்றால் நேரும். நோய் தெரிந்ததும் இந்தச் சோதனையைச் செய்து, பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுமுறையும் செய்து உறுதிப்படுத்துவார்கள்.

மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, மல்லாந்து படுத்தால் அதிகமாகி முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும் வலி, நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ அழற்சி வந்ததைச் சொல்லும். அதைவிட நீண்டகால ஆபத்து ஒன்று உண்டு. பல ஆண்டு அழற்சியும் ஸ்டீராய்டும் சேர்ந்து ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிவதை விரைவுபடுத்துகின்றன. நாற்பது வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு வராது என்ற பொது எண்ணம் லூபஸ் உள்ளவருக்குப் பொருந்தாது. நெஞ்சு வலியை வாயுத்தொல்லை என்று தள்ளக் கூடாது. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் இளவயதிலிருந்தே கவனிக்க வேண்டும்.

நரம்பு மண்டலத்தில் வலிப்பு, மனக்குழப்பம், பக்கவாதம், கை கால் மரத்தல் வரலாம். நினைவு மங்குவதாகவும், பேசும்போது சொல் வரமறுப்பதாகவும் பலர் சொல்கிறார்கள். திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவது, இல்லாததைக் கேட்பது போன்ற மாற்றம் வந்தால் பேய் பிடித்தது என்று கோயில்களுக்கு அழைத்துப்போய் நாள்களை வீணாக்குவது நடக்கிறது. மூளைக்குள் நோய் சீறியிருக்கலாம், தொற்று பரவியிருக்கலாம், அதிக ஸ்டீராய்டும் காரணமாக இருக்கலாம். மூன்றும் மருத்துவமனையில் பிரித்தறிய வேண்டியவை, மூன்றுக்கும் சிகிச்சை வேறு.

பரிசோதனைகளைப் படிக்கும் முறை

உட்கருப் பொருள்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை நுழைவாயில் மட்டுமே. லூபஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது பாசிட்டிவாக இருக்கும். ஆனால் பாசிட்டிவான எல்லோருக்கும் லூபஸ் இல்லை. எந்த நோயும் இல்லாத 100 பேரில் சுமார் 5 பேருக்கு 1:160 அளவில் பாசிட்டிவ் வருகிறது. ‘முழு உடல் பரிசோதனை’யில் ஏஎன்ஏவைச் சேர்த்துவிட்டு, அறிகுறியே இல்லாதவரைப் பயமுறுத்துவது நல்ல மருத்துவம் ஆகாது. இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடியும் எஸ்எம் ஆன்டிபாடியும் லூபஸுக்கே உரியவை என்று சொல்லத்தக்கவை. ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2019இல் வெளியிட்ட அளவுகோல் ஏஎன்ஏ 1:80 என்பதைத் தொடக்கத் தகுதியாக வைத்து, அறிகுறிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் புள்ளி கொடுத்து, 10 எட்டினால் லூபஸ் என்று வகைப்படுத்துகிறது. அது ஆய்வுகளுக்காக உருவானது. அனுபவமுள்ள மருத்துவர் 10 எட்டாதபோதும் சிகிச்சை தொடங்கலாம்.

தொடர் கண்காணிப்பில் ஒரு நுணுக்கம் பயன்படும். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில், நோய் சீறும்போது ஈஎஸ்ஆர் ஏறும், சிஆர்பி பெரும்பாலும் அதிகம் ஏறாது. சிஆர்பி மிக உயர்ந்தால் தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும். காய்ச்சலுக்கு ஸ்டீராய்டைக் கூட்டுவதா, ஆன்டிபயாட்டிக் கொடுப்பதா என்ற முடிவுக்கு இது உதவும்.

லூபஸைப் பார்க்க வேண்டியவர் ரூமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் நிபுணர்; எலும்பு முறிவு மருத்துவர் அல்ல. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்குத் தனிப் பிரிவுகள் உள்ளன.

மருந்துகள்

ஹைட்ராக்சிகுளோரோகுயின் லூபஸ் சிகிச்சையின் அடித்தளம். மலேரியா மருந்திலிருந்து வந்த இது, 1955 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. நோய் சீறுவதைக் குறைக்கிறது, சிறுநீரகத்தைக் காக்கிறது, ரத்தம் உறைவதைக் குறைக்கிறது, ஆயுளைக் கூட்டுகிறது. வேலை செய்யத் தொடங்க 2, 3 மாதங்கள் ஆகும். வலி உடனே குறையாததால் இதைப் பலன் இல்லாத மாத்திரை என்று முதலில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாத மாத்திரை இதுதான். கண் போய்விடும் என்ற அச்சம் மற்றொரு காரணம். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுத்தால், முதல் 10 ஆண்டுகளில் விழித்திரை பாதிப்பு 100க்கு 2 பேருக்கும் குறைவாகவே வருகிறது. தொடங்கிய ஓராண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை, 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் ஒன்று என்று வைத்துக்கொண்டால், பார்வை குறைவதற்கு முன்பே மாற்றத்தைக் கண்டுபிடிக்கலாம். சிறுநீரகத் திறன் குறைந்தவருக்கு இந்தக் கண்காணிப்பு இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

ஸ்டீராய்டு தீயை அணைக்கும், வேகமாக அணைக்கும். பிரெட்னிசோலோன் மாத்திரை இரண்டு மூன்று நாளில் மூட்டை இளக்கிக் காய்ச்சலை நிறுத்துவதால் நோயாளிக்கு அதன்மேல் நம்பிக்கை வளர்கிறது. மாதக்கணக்கில் அதிக அளவில் தொடர்ந்தால் முகம் உப்பும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும், கண்புரை வரும், தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் இடுப்பு மூட்டு அழியும். நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே கொண்டுவருவதும், முடிந்தால் நிறுத்துவதும் இன்றைய இலக்கு. ஆனால் சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர் தானாகத் திடீரென்று நிறுத்தினால், உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருப்பதால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். குறைப்பது படிப்படியாக, மருத்துவர் சொல்லும் கணக்கில்தான்.

ஸ்டீராய்டைக் குறைப்பதற்காகவே அசத்தியோபிரின், மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட், டாக்ரோலிமஸ் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. கடுமையான சிறுநீரக, மூளைப் பாதிப்புக்கு சைக்ளோபாஸ்பமைடு. அதே மருந்து புற்றுநோய்க்கும் தரப்படுவதால் நோயும் புற்றுநோய் என்று பொருளல்ல. 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெலிமுமாப், அரை நூற்றாண்டுக்குப் பிறகு லூபஸுக்கென வந்த முதல் புதுமருந்து. 2021இல் அனிப்ரோலுமாப் வந்தது. நோயாளியின் சொந்த டி செல்களை மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி முறையை 2021இல் ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் கடும் லூபஸ் உள்ள இளம்பெண்ணுக்குச் செய்து நல்ல பலன் கண்டார்கள். அது இன்னும் ஆய்வுநிலையில் இருக்கும் சிகிச்சை.

நாட்டு மருந்து குறித்து எச்சரிக்கை தேவை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படுபவை எதிர்ப்புச் சக்தியே மிஞ்சிப்போன நோய்க்கு ஏற்றவை அல்ல. பசிக்காகவும் தெம்புக்காகவும் வாங்கும் அல்பால்பா டானிக், குதிரைமசால் செடியிலிருந்து தயாராவது. அதன் முளையில் உள்ள கனவானின் என்ற பொருள் குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோயை உண்டாக்கியது 1980களில் ஆய்வில் தெரிந்தது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடி கஷாயம் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். பெயர் இல்லாத பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கவும் கூடும். சல்பா வகை ஆன்டிபயாட்டிக் சிலருக்கு நோயைத் தூண்டும் என்பதால், எந்த மருத்துவரிடம் போனாலும் லூபஸ் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பம்

லூபஸ் உள்ள பெண் குழந்தை பெறக் கூடாது என்பது பழைய கருத்து. நோய், குறிப்பாகச் சிறுநீரகம், 6 மாதமாவது அடங்கியிருந்து, மருந்துகளை முன்கூட்டியே மாற்றியமைத்தால் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். மைக்கோபினோலேட்டைக் கருத்தரிக்க முயலும் முன் 6 வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அசத்தியோபிரினும் தொடரலாம், தொடர வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் பயத்தில் எல்லா மாத்திரைகளையும் ஒரே நாளில் விட்டுவிடுவதுதான் தாய்க்கும் சேய்க்கும் பெரிய கேடு. ஆன்டிபாஸ்போலிப்பிட் இருப்பவருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும், தேவைப்பட்டால் ஹெப்பாரின் ஊசியும் தரப்படும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அவர்களுக்கு ஆகாது.

ரோ (Ro) என்ற ஆன்டிபாடி உள்ள தாய்மாரின் 100 குழந்தைகளில் 1 அல்லது 2 குழந்தைகளுக்கு வயிற்றிலேயே இதயத்துடிப்பின் மின்னோட்டம் தடைப்படலாம். 16 வாரம் முதல் கருவின் இதயத்தை எக்கோ மூலம் கவனிப்பது இதற்காகத்தான்.

அன்றாடம்

வெயில் முதல் எதிரி. காலை 10 முதல் மாலை 4 வரை வெளிவேலையைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. வயல்வேலை, கட்டடவேலை, நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எளிதல்ல. முழுக்கைச் சட்டை, தலையையும் கழுத்தையும் மூடும் துணி, அகல விளிம்புத் தொப்பி என்று தடுப்பைக் கூட்டிக்கொள்ளலாம். வண்டியின் கண்ணாடி ஜன்னல் புற ஊதா ‘ஏ’ கதிரை முழுமையாகத் தடுக்காது. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், தாராளமாக, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். வெயிலைத் தவிர்ப்பவருக்கு வைட்டமின் டி குறைவதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லூபஸைக் குணமாக்கும் உணவு என்று ஒன்றும் இல்லை. சிறுநீரகம் பாதித்திருந்தாலும் அழுத்தம் இருந்தாலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பேறிய பொருள்களைக் குறைக்க வேண்டும். புகையிலை எந்த வடிவிலும் கூடாது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் நடைப்பயிற்சி களைப்பைக் குறைக்கிறது. நிமோனியா, ஃபுளூ தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர் அம்மை, மஞ்சள்காய்ச்சல் போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

லூபஸுக்கு மருந்து எடுப்பவருக்கு வரும் காய்ச்சலைத் தொற்று என்றே முதலில் கொள்ள வேண்டும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, ஒருபக்கம் செயலிழத்தல், சிறுநீர் குறைந்து முகமும் காலும் வீங்குதல், ஒற்றைக் காலில் வலியோடு வீக்கம், ஈறிலோ மூக்கிலோ நிற்காத ரத்தம், நடத்தையில் திடீர் மாற்றம், வாந்தியால் ஸ்டீராய்டு மாத்திரை உள்ளே தங்காமை ஆகியவை நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை. போகும்போது சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும், கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம், தட்டணு எண்ணிக்கையும் எழுதிய ஒரு சீட்டு கையில் இருந்தால், புதிதாகப் பார்க்கும் மருத்துவர் நேரத்தை இழக்காமல் சிகிச்சையைத் தொடங்க முடியும்.